சித்தியின் லேப்டாப்பில் சத்தம் வந்த வாரம்

எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஏதோ வந்தது. என் வீக்கம் ஒன்பதாம் நாள் வடிந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு வந்ததற்கு நான்தான் காரணம் என்பதை ஒரே ஒருத்தியிடம் சொன்னேன். அவளும் அதை வெளியே விடவில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஆம்பூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து கட்டிய வீட்டில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். ஆறாவது ஆள் சித்தியின் எட்டு மாதக் குழந்தை. சித்தப்பாவுக்கு ராணிப்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. சித்தி கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷூ கம்பெனியில், பேட்டர்ன் செக்ஷனில் இருந்தவள். ஒரு ஷூவின் மேல்பாகத்துக்கு எத்தனை துண்டு தோல் வேண்டும், ஒவ்வொரு துண்டும் என்ன வடிவத்தில் இருக்க வேண்டும் என்று அட்டையில் வெட்டிக் கொடுப்பதுதான் அந்த வேலை. எங்கள் ஊரில் பெண்கள் தையல் மிஷினில் உட்காருவார்கள். பேட்டர்ன் மேஜை ஆண்களுடையது. அந்த மேஜையில் நின்ற ஒரே பெண் என் சித்தி. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

குழந்தை பிறந்த பிறகு அந்தக் கர்வத்தை என்ன செய்வது என்று வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். சித்தி வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போட்டு மெயிலில் அனுப்பிவிட வேண்டும். சம்பளமும் வரும், குழந்தையும் பக்கத்திலேயே இருக்கும். சாம்பிள் ரூம் மேனேஜர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்று மாடல் அனுப்பட்டும், மூன்றும் சரியாக இருந்தால் இப்படியே தொடரலாம், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சித்தப்பாவின் மூளையைப் பாராட்டினார்கள். அன்று சித்தி என்ன சொன்னாள் என்பது எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. அவளை யாரும் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது.

கம்ப்யூட்டர் சும்மா வந்தது. கம்பெனியில் இரண்டு வருடம் இருந்த இத்தாலிக்கார டெக்னீஷியன் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய பழைய வெள்ளை லேப்டாப்பைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அந்த ஜாதி லேப்டாப்பில் ஷூ பேட்டர்ன் சாஃப்ட்வேர் ஓடாது. அதற்கு விண்டோஸ் வேண்டும். ஆகவே அந்த மனிதர் பெட்டியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் அதனுடைய சொந்த சிஸ்டத்தை விட்டுவிட்டு, மறுபாதியில் விண்டோஸைக் குடி வைத்திருந்தார். லேப்டாப்பை ஆன் செய்யும்போது ஒரு பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் திரையில் இரண்டு படங்கள் வரும். இடது பக்கம் இருப்பது சொந்த சிஸ்டம், வலது பக்கம் இருப்பது விண்டோஸ். வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பட்டனை அழுத்த மறந்தால் அது பாட்டுக்கு இடது பக்கம் போய்விடும். வீட்டில் நாங்கள் இடது பக்கத்தை இத்தாலிப் பக்கம் என்றும், வலது பக்கத்தை நம்ம பக்கம் என்றும் சொன்னோம்.

இத்தாலிப் பக்கத்தில் எல்லாம் கண்ணாடி மாதிரி துல்லியமாக இருக்கும். நம்ம பக்கத்தில் திரை கொஞ்சம் மங்கல். எழுத்துகள் உப்பினாற்போல் இருக்கும். சத்தம் அறவே வராது. காரணம் டிரைவர்கள் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அந்த இத்தாலிக்காரர் கம்பெனியில் பேசியதை ஒவ்வொரு செக்ஷனிலும் ஒருவர் கூடவே நின்று தமிழில் மாற்றிச் சொல்வாராம். டிரைவரும் அப்படித்தான். திரைக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று என்று சின்னச் சின்ன புரோகிராம்கள், சிஸ்டம் சொல்வதை அந்தந்த உறுப்புக்குப் புரியவைக்கும். குடிவந்த விண்டோஸுக்குச் சத்தத்துக்கான டிரைவர் சரியாக அமையவில்லை. திரைக்கு இருந்தது பழசு. அதனால் தினமும் நம்ம பக்கத்தைத் திறந்தவுடன் மூலையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்து, புதிய டிரைவர்கள் வந்திருக்கின்றன, போடட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்கும். சித்தி தினமும் 'பிறகு' என்பதை அமுக்கிவிடுவாள்.

"போட்டாதான் இன்னா சித்தி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேலை நடந்துனு இருக்குது இல்ல? நடக்கிறத எதுக்குத் தொடணும்?"

வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனியில் அட்டையைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவதற்கென்று ஒரு பெரிய மேஜையே உண்டு. வீட்டில் அது ஏது? சித்தி தானாகவே ஒரு வழி செய்துகொண்டாள். முதலில் கையால் அட்டையை வெட்டுவாள். அதில் அவளை யாரும் அசைக்க முடியாது. பிறகு அந்த அட்டையை லேப்டாப் திரையின் மேலேயே வைத்து, ஓரங்களில் டேப் ஒட்டி, அட்டையின் விளிம்பை ஒட்டியே மவுஸால் கோடு இழுத்துக்கொண்டு வருவாள். திரையில் தெரிவது அட்டையின் அசல் அளவில் இருக்க ஜூம் எத்தனை இருக்க வேண்டும் என்று முதல் வாரமே ஸ்கேல் வைத்துக் கண்டுபிடித்து, அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டியிருந்தாள். அந்த எண் மாறாதவரை திரையும் அட்டையும் ஒன்று. கம்ப்யூட்டர் படித்தவர்கள் யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. இதைவிட ஆபத்தான ஒரு யோசனையும் இருக்க முடியாது. ஆனால் முதல் இரண்டு மாடலும் நூல் பிசகாமல் வந்தன.

மூன்றாவது மாடலுக்கான வரைபடம் வந்த அந்த வாரத்தில்தான் எனக்குக் கன்னம் இரண்டும் வீங்கிக்கொண்டன. அம்மா தன்னுடைய தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டாள். குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளக்கூடாது என்று என்னை முன்னறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். லேப்டாப் இருந்ததும் முன்னறையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கோயிலுக்கு ஆராதனைக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா அவ்வப்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. எனக்கு வகுப்புத் தோழி ஒருத்தி கொடுத்திருந்த கார் ரேஸ் விளையாட்டு நம்ம பக்கத்தில் மட்டுமே ஓடும். சத்தமில்லாமல் கார் ரேஸ் ஓட்டுவது எவ்வளவு சப்பென்று இருக்கும் என்பது ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லேப்டாப்பைத் திறந்தேன். மூலையில் அந்தப் பெட்டி வழக்கம்போல் கேட்டது. திரைக்கும் சத்தத்துக்கும் புதிய டிரைவர்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது. சித்திக்கும் நல்லதுதானே என்று என் மனசாட்சிக்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு, சரி என்பதை அமுக்கினேன்.

அது டேட்டா கார்டின் மாதக் கணக்கில் பெரும்பகுதியைத் தின்றபடி மெல்ல ஊர்ந்தது. முடிந்ததும் என்னைக் கேட்காமலேயே அணைந்து, தானே மறுபடி எழுந்தது. பட்டனை அழுத்த வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. திரை வந்தபோது சித்தியின் ஃபைல்கள் எதுவும் இல்லை. பேட்டர்ன் சாஃப்ட்வேர் இல்லை. கார் ரேஸ் இல்லை. ஏதோ ஒரு மலையும் ஏரியும் தெரிந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீங்கிய கன்னத்தோடு அழுவது பெரிய வேதனை. வாயைத் திறக்கவே முடியாது. அடுத்த ஞாயிறு சண்டே ஸ்கூலில் பத்து வசனங்களைத் தப்பில்லாமல் ஒப்பிப்பதாக இயேசப்பாவிடம் பேரம் பேசினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த மலையும் ஏரியும் இத்தாலிப் பக்கத்துப் படம் என்பது உறைத்தது. அணைத்து, பட்டனை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு திறந்தேன். நம்ம பக்கம் திரும்பி வந்தது. வரும்போதே ஒரு சின்ன மணியோசையுடன் வந்தது.

திரையும் இப்போது இத்தாலிப் பக்கம் மாதிரியே துல்லியமாக இருந்தது. எழுத்துகள் உப்பல் வடிந்து சின்னதாக, அழகாக ஆகியிருந்தன. நான் காரை ஓட்டினேன். அது உறுமியது. அந்த உறுமலை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பத்து வசனத்தில் நாலைத்தான் ஒப்பித்தேன்.

திங்கட்கிழமை சித்தி வேலைக்கு உட்கார்ந்தபோது, "அட, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குதே இன்னிக்கு" என்றாள். சத்தம் வருவதையும் கவனித்தாள். பழைய சாமான் சில நாளைக்குத் தானாகவே நன்றாக வேலை செய்யும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை, மிக்ஸியும் அப்படித்தான். நான் போர்வைக்குள் இருந்தபடி பெருமையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அட்டையைத் திரையில் ஒட்டினாள். ஓரத்துக் காகிதத்தில் இருந்த எண்ணை ஜூமில் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு விளிம்போடு கோடு இழுத்தாள். சாயங்காலம் ஃபைலை அனுப்பிவிட்டு, "மூணாவதும் முடிஞ்சுது" என்று சித்தப்பாவிடம் சொன்னாள். அவர் அதற்காகவே இனிப்புக் கடைக்குப் போய் மக்கன் பேடா வாங்கிவந்தார். என்னால் மெல்ல முடியாததால் பிசைந்து கொடுத்தார்கள்.

புதன்கிழமை காலையில் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. சித்தி குழந்தையை இடுப்பில் வைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா அனுப்பிக்கிற? முப்பத்தேழு நம்பர் லேடீஸ் ஷூ. தச்சுக் கட்டையில ஏத்துனா பை மாதிரி தொங்குது. ஆம்பள கால் போவும் அதுல. மூணு ஜோடித் தோல் வேஸ்ட். நாளைக்கு ஆர்டர் குடுக்கிற பையர் வர்றான், இன்னாத்த காட்டுறது நானு?"

கட்டை என்றால் காலின் வடிவில் செய்த அச்சு. அதன் மேல்தான் தைத்த தோலை இழுத்துப் பொருத்துவார்கள். இழுத்துப் பொருத்த வேண்டிய தோல் தொங்கினால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. பேட்டர்ன் மேஜையில் இத்தனை வருடம் நின்றவள் தப்பு செய்தாள் என்று அங்கே ஆண்கள் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்கே புரிந்தது.

"நான் வர்றேன் சார். நேர்ல வந்து கையாலயே வெட்டித் தர்றேன். நாளைக்குள்ள ஆயிடும்" என்றாள்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருந்த சித்தப்பா எழுந்து வந்தார். "அப்பவே நெனச்சேன். ஒரு பெட்டியில ரெண்டு சிஸ்டம் இருந்தா பேஜார் பண்ணாம இன்னா பண்ணும்?" என்று லேப்டாப்பை ஒரு முறை முறைத்தார்.

சித்தி கிளம்புவதற்கு முன் லேப்டாப்பைத் திறந்து அட்டையைத் திரையில் வைத்தாள். கோடும் அட்டையும் அச்சாகப் பொருந்தின. சாஃப்ட்வேரில் நீளம் எவ்வளவு என்று பார்த்தாள். பிறகு இரும்பு ஸ்கேலை எடுத்து அட்டையை அளந்தாள். அடுத்து திரையில் இருந்த எழுத்துகளை, ஐகான்களை, ஒவ்வொன்றாகக் கிட்டே போய்ப் பார்த்தாள். பென்சிலால் அட்டையின் ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டாள். கணக்கு முடிந்ததும் லேப்டாப் ஓரத்துக் காகிதத்தில் இருந்த பழைய எண்ணைப் பார்த்தாள், அதை மாற்றவில்லை. பிறகு லேப்டாப்பை மூடிவிட்டுப் புடவை மாற்றப் போனாள். அட்டைகளையும், துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்த பேட்டர்ன் கத்தியையும் எடுத்துக்கொண்டாள். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கம்பெனிக்குப் போனாள்.

அன்று பகல் முழுவதும் நான் அடைந்த பயத்துக்குக் கன்ன வலியே பரவாயில்லை. திரை மாறியது, அளவு தப்பியது, இரண்டுக்கும் நடுவில் நான் இருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து துழாவினேன். திரையின் டிரைவரைப் பழையதற்கே திருப்பிப்போட ஒரு பட்டன் அதிலேயே இருந்தது. ஒரே அமுக்கு. அமுக்க விரலை வைத்தேன். போன தடவை கேட்காமல் அமுக்கியதன் பலன் கண்முன்னால் இருந்ததால் விரலை எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சித்தி வந்தாள். விரலில் கத்தி கீறிய இடத்தில் பிளாஸ்திரி. புடவையில் தோல் வாசனை. புதிதாக வெட்டித் தைத்த ஷூ கட்டையில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே கை கால் கழுவினாள். முன்னறைக்கு அவள் தனியாக வந்தபோது நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"சித்தி, நான்தான் டிரைவரப் போட்டேன். ஞாயித்துக்கிழம. சத்தம் வரட்டும்னு. அதனாலதான் ஸ்கிரீன் மாறிடுச்சு. பழசுக்கே திருப்பிடலாம் சித்தி, பட்டன் இருக்குது, நான் பாத்து வெச்சிருக்கேன்."

அவள் திரும்பி முன்னறைக் கதவைச் சாத்தினாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். என் கன்னம் இருந்த நிலையில் எங்கே அடிப்பது என்று யோசிக்கிறாள் என்றும் நினைத்தேன்.

"வேற யாருக்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சித்தி."

"சொல்லாத."

"பட்டன அமுக்கட்டா?"

"வேணாம். அப்படியே இருக்கட்டும்" என்றாள். பிறகு என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்துவிட்டுப் போனாள்.

சாப்பிடும்போது சித்தப்பாவிடம் அவள் பேசியது முன்னறைக்குத் தெளிவாகக் கேட்டது. "அந்தப் பெட்டிய நம்பி இனிமே வேலை செய்ய முடியாதுங்க. இன்னைக்கு ஒரு அளவு காட்டுது, நாளைக்கு ஒரு அளவு காட்டுது. கையால வெட்டுனத பாத்துட்டு சார் சொல்லிட்டாரு, வர்றதா இருந்தா நேர்ல வா, உன் மேஜை அப்படியே இருக்குதுன்னு."

"கொழந்த?"

"கம்பெனி காப்பகத்துல கேட்டுட்டு வந்தேன். எட்டு மாசம்னா சேத்துக்குவாங்களாம். நடுவுல ரெண்டு தபா போய்ப் பால் குடுக்கலாம்."

"கேட்டுட்டே வந்துட்டியா?" என்றார் சித்தப்பா. அவருக்குத் தன்னுடைய திட்டம் ஒரு பெட்டியால் கெட்டுப்போனதில் நிஜமாகவே வருத்தம். நல்ல மனிதர், சித்திக்கு அலைச்சல் வேண்டாம் என்றுதான் அந்தத் திட்டத்தையே போட்டார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா, "கம்பெனி பஸ் காலையில எத்தினி மணிக்கு?" என்று சித்தியிடம் கேட்டாள். பஸ் நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் விஷயம் முடிவாகிவிட்டது.

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். சித்தி எனக்காகப் பழியைப் பெட்டியின் மேல் போட்டுவிட்டாள். நான் திட்டு வாங்கக்கூடாது என்பதற்காகத் தினமும் விடியற்காலையில் எழுந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பஸ் பிடித்து ஓடப்போகிறாள். பதினொரு வயதில் எனக்கு இதைவிடப் பெரிய தியாகம் எதுவும் தெரிந்திருக்கவில்லை. என்னாலான பரிகாரமாகக் கார் ரேஸை விட்டேன். குழந்தையின் துணிகளைச் சொல்லாமலேயே மடித்து வைத்தேன். லேப்டாப் எனக்கே என்று ஆன பிறகும் பல மாதங்கள் சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தேன்.

இப்போது என் பிழைப்பே கம்ப்யூட்டர்தான். ஓர் ஆபீஸில், மற்றவர்கள் தொட்டுக் கெடுத்ததைச் சரிசெய்து கொடுக்கிறேன். அதனால் உறுதியாகச் சொல்ல முடியும்: அந்தப் பெட்டியில் எதுவுமே கெட்டுப்போயிருக்கவில்லை. புதிய டிரைவர் திரையில் எல்லாவற்றையும் சின்னதாக்கிவிட்டதால், பழைய எண்ணிலேயே அட்டையை ஒட்டி இழுத்த கோடு கணக்கில் பெரிய ஷூவாகிவிட்டது. புதிய டிரைவருக்கு ஏற்ற ஜூம் எண்ணை ஒரு தடவை கண்டுபிடித்து எழுதிக்கொண்டால் போதும். அந்த எண்ணைத்தான் சித்தி புதன்கிழமை காலையில், கம்பெனிக்குப் புறப்படும் முன்பே, பென்சிலால் போட்டுப் பார்த்திருந்தாள். அதுவும் வேண்டாம் என்றால் நான் சொன்ன பட்டன் இருந்தது. வீட்டிலேயே இருந்து வேலை செய்வதற்கு இரண்டு வழி அவள் கையில் இருந்தது.

அந்த வாரம் முடிந்து வந்த திங்கட்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. கன்னம் வடிந்து, நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றிருந்தேன். பஸ் வருவதற்கு இருபது நிமிடம் முன்பே சித்தி குழந்தையோடு தெருமுனைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். பஸ் வந்து நின்றதும் உள்ளேயிருந்து பெண்கள் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரோ கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். யாரோ நகர்ந்து ஜன்னலோரத்தில் இடம் விட்டார்கள். சித்தி உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பஸ் கிளம்பித் திரும்பும்வரை சிரித்துக்கொண்டேயிருந்தாள். நான் வருத்தப்படக்கூடாது என்பதற்காக எவ்வளவு கஷ்டப்பட்டுச் சிரிக்கிறாள் பார் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.